நாற்பது யானையில் ஒன்றை விற்றவள்

1

ஒரு யானையின் விலை: பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிகிறவரை பள்ளிக்குப் போய்வர ஏ.சி. காரில் ஓர் இடம், கொசுறாக ஒரு இயற்பியல் கைடு. ஓசூர்ப் பக்கம் சானமாவுக் காட்டோரம் போன நவம்பரில் இந்த விலைக்கு ஒரு யானை கைமாறியது.

பயப்பட வேண்டாம், உயிருள்ள யானையைப் பார்த்துக்கொள்ள வனத்துறை இருக்கிறது. கைமாறியது, யானையை நேருக்கு நேர் பார்த்த கதை. விலைமதிப்பற்ற அனுபவம் என்று நீங்கள் சொல்வீர்கள். நான் புளி வியாபாரிகள் வீட்டில் வளர்ந்தவன். கல்லாவிச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர்களிடம்தான் எண் கற்றேன். எங்கள் வீட்டில் ஒரு பொருளை விலைமதிப்பற்றது என்று சொன்னால், வாங்க இன்னும் ஆள் வரவில்லை என்று பொருள்.

இந்தக் கதை எனக்கு வந்த வழியை மறைக்கப் போவதில்லை. ஓசூர் கிளை நூலகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டக் கூட்டம். சிறுகதை எழுதுவது எப்படி என்று நான் பேசினேன். சமோசா வந்த பிறகு கூட்டத்தில் ஒரு உயிர்ப்பு தெரிந்தது. எல்லாம் முடிந்து கிளம்பும்போது பள்ளிச் சீருடையில்* ஒரு பெண் வந்து நின்றாள்.

"சார், ஒரு கத இருக்குது. நெசமா நடந்தது. என்ன குடுப்பீங்க?"

என்னிடம் கதை சொல்ல வருகிறவர்கள் இலவசமாகச் சொல்வதோடு டீயும் வாங்கிக் கொடுப்பது வழக்கம். இவள் முதல் வாக்கியத்திலேயே துண்டை விரித்துவிட்டாள்.

"நீ என்ன கேக்கற?"

"பேர மாத்தக் கூடாது. அச்சுக்குப் போறதுக்கு முன்ன நான் படிச்சுப் பாப்பேன். புளுகு இருந்தா அடியில எழுதுவேன். அதையும் சேத்துப் போடணும்."

"அவ்வளவுதானா?"

"வேற ஒண்ணும் வேணாம் சார். போன தடவ பொருளா வாங்கித்தான் மாட்டிக்கினேன்."

அவள் பெயர் அனுப்ரியா. நட்சத்திரக் குறி போட்டுக் கீழே வருகிறதெல்லாம் அவள் எழுதியது. பேரத்தில் நான் தோற்ற இடங்கள் என்று எடுத்துக்கொள்ளவும்.

* சீருடை இல்லை, சுடிதார். ஞாயிற்றுக்கிழமை யார் சீருடை போடுவார்கள்? முதல் பக்கத்திலேயே புளுகு. — அனுப்ரியா

2

எப்படித் தொடங்குவது?

"சானமாவு வனத்தின் மீது கீழ்வானம் தன் செம்பொற் கரங்களால்—"

வேண்டாம். நான் அந்த நேரத்தில் எழுந்ததே கிடையாது.

"வர்க்கம் என்பது வெறும் பொருளியல் வகைமை அன்று, அது விடலைப் பருவத்தின் அகவெளியில்—"

இதை எடுத்து வைத்துக்கொள்கிறேன். எங்காவது கருத்தரங்குக்குக் கூப்பிட்டால் உதவும்.

"நாராயணப்பனின் நிலத்தில் ராமப்பனின் அப்பா கேவுரு அறுத்துக்கொண்டிருந்த காலத்தில்—"

இது உண்மை. ஆனால் இங்கே ஆரம்பித்தால் மூன்று தலைமுறை சொல்லியாக வேண்டும். பத்திரிகையில் கொடுப்பது நாலு பக்கம்.

ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன். நாராயணப்பன் நிலக்காரர். ராயக்கோட்டை ரோட்டை ஒட்டிய பூமியை லேஅவுட்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, ஓசூரில் வாட்ச்மேன் சல்யூட் அடிக்கிற குடியிருப்புக்குக் குடிவந்துவிட்டார். காட்டை ஒட்டிய பூமியை வாங்க ஆள் வராததால் அதில் இன்னும் கேவுரு, அதாவது கேழ்வரகு, விளைகிறது. அதற்குப் பெயர் அவரிடம் விவசாயப் பற்று. அவர் மகள் சுவாதி.

ராமப்பன் அந்தக் காட்டோர ஊரின் காலனிக்காரர். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். பகலில் கம்பெனியில் போல்ட் முடுக்குவார், கேவுரு கதிர் பிடிக்கிற பருவத்தில் இரவில் நாராயணப்பனுக்கு யானைக் காவலும் இருப்பார். அவர் மகள் அனுப்ரியா.

இரண்டு பேரையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்தது சமத்துவம் என்று நினைத்தால் ஏமாந்துவிடுவீர்கள். அனுப்ரியா அரசுப் பள்ளியில் பத்தாவதில் எடுத்த மார்க்கைப் பார்த்துவிட்டு ஒரு தனியார் பள்ளி அவளை ஃபீஸ் இல்லாமல் அள்ளிக்கொண்டு வந்தது. பிளஸ் டூவிலும் அப்படி எடுத்தால் ஃப்ளெக்ஸில் போடலாம். எல்.கே.ஜி.யிலிருந்து அந்தப் பள்ளியில் முதல் ரேங்க் சுவாதி. பிளஸ் ஒன் முதல் தேர்வில் இரண்டாம் ரேங்க் ஆனாள். பதின்மூன்று வருடம் ஃபீஸ் கட்டியவளுக்கு இரண்டாம் இடம், ஒரு பைசா கட்டாதவளுக்கு முதல் இடம். ஒரு வியாபாரி மகனாக அவள் கோபம் எனக்குப் புரிகிறது.

"கவர்மென்ட் ஸ்கூல்ல மார்க் அள்ளிப் போடுவாங்களாமே?" என்றாள் சுவாதி, முதல் நாள்.

"ஆமா, மூட்டையில. நீ வந்திருந்தா உனக்கும் ஒரு படி கெடச்சிருக்கும்," என்றாள் அனுப்ரியா.

அதிலிருந்து இருவரும் சேர்ந்தே உட்கார்ந்தார்கள். எதிரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால்தான் அவள் எந்தப் பாடம் படிக்கிறாள் என்று தெரியும்.

3

இந்தக் கதையில் ஒரு பற்றாக்குறை வருகிறது. தண்ணீர்ப் பற்றாக்குறை என்று நினைக்காதீர்கள். கஷ்டப் பற்றாக்குறை.

பெங்களூருக்கு அந்தப் பக்கம், பஸ் நிற்காத இடத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகம். மார்க்கை மட்டும் பார்த்து அங்கே சேர்ப்பதில்லை. "உங்களைச் செதுக்கிய ஒரு சவால்" என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும். அதை வைத்து நேர்முகம். சிலருக்கு ஃபீஸ் முழுக்கத் தள்ளுபடி, ஹாஸ்டலும் இலவசம்.

சுவாதிக்கு வேண்டியது இடம். அனுப்ரியாவுக்கு வேண்டியது அந்த இலவச இடம். அவள் அம்மா முனிலட்சுமி தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "ஃப்ரீயா கெடச்சா படி. இல்லாட்டி ஜூன்ல செல்போன் கம்பெனி வேன்ல ஏறு. பேரு குடுத்தாச்சு. ஹாஸ்டல் இருக்குதாம், சோறு போடறாங்களாம். தம்பி வேற இருக்கறான், நான் என்ன பண்ணட்டும்?"

சுவாதிக்குக் கட்டுரை எழுதிப் பழக்க பெங்களூரிலிருந்து ஆன்லைனில் ஒரு கவுன்சிலர். முதல் கட்டுரை: லாக்டவுனில் நெட் மெதுவாக இருந்தது. இரண்டாவது: பல்லுக்குக் கம்பி போட்ட வருடம். மூன்றாவது: தாத்தா இறந்தது. தாத்தாவோடு எவ்வளவு நெருக்கம் என்று கவுன்சிலர் கேட்டதற்கு, "அவர் எங்கம்மாவத் திட்டிக்கினே இருப்பார்" என்று சுவாதி உண்மையைச் சொல்லிவிட்டாள்.

கவுன்சிலர் கடைசியில் ஒரே வரி அனுப்பினார்: ஸ்ட்ரகிள் போதவில்லை.

சுவாதி அழுதுகொண்டே அப்பாவிடம் போனாள். "எனக்கு ஒரு கஷ்டம்கூட இல்லப்பா."

நாராயணப்பன் பர்ஸை எடுத்துவிட்டார். "என்னா வேணும்னாலும் வாங்கிக் குடுக்கறனே கண்ணு! எங்க விக்கறான் சொல்லு."

எங்கே விற்கிறார்கள் என்று சுவாதிக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் கெமிஸ்ட்ரி லேபில், பியூரெட்டைக் கழுவிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"உனக்கென்னடி, யானை இருக்குது."

"எங்க வூட்லயா கட்டி வெச்சிருக்கறேன்? வந்து ஓட்டிக்கினு போ."

"வெளையாட்டு இல்லடி. ஒரு யானை குடு. நீ ஒம்பதாவது படிக்கறப்ப பஸ் ஸ்டாப் போற வழியில பாத்தியே, குட்டியோட, அது."

"என்ன தருவ?"

"ஃப்ரெண்டுகிட்டயே வெல பேசறியா?"

"ஃப்ரெண்டுன்னு சொல்லி என் ரெக்கார்டு நோட்ட வாங்கிக்கினு போயி ஒரு வாரம் குடுக்கல நீ."

சுவாதி யோசித்தாள். "எங்க கார் தெனம் காலையில ஊருக்கு வருது, தோட்டத்துல பால் எடுக்க. திரும்பறப்ப அதுலயே வந்துடு. பரீட்ச முடியறவரைக்கும்."

கவனியுங்கள், எப்படியும் காலியாக வருகிற கார். கைமுதல் போடாமல் வாங்குகிறாள். அவளுக்குள் எங்கள் ஆட்களின் ரத்தம் எப்படிப் போனது என்று தெரியவில்லை.

"பால் கேனோடயா?"

"கேன் டிக்கில. நீ முன்னாடி சீட்ல."

"ஏ.சி. போடணும்."

"காலையில அந்தக் குளிர்லயாடி?"

"போடணும். அப்பறம் அந்த ஃபிசிக்ஸ் கைடு."

முடிந்தது. அனுப்ரியாவிடம் உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது. பன்னேர்கட்டாப் பக்கமிருந்து வந்த கூட்டத்தில் நாற்பது யானை என்று வனத்துறை ஆட்டோவில் மைக் வைத்துச் சொல்லிப் போனார்கள். அவள் பார்த்ததே எத்தனையோ. குட்டியோடு நின்ற தாயைக் கொடுத்துவிட்டால் என்ன? போன வருடம் அப்பாவின் காவல் பரணிலிருந்து பார்த்த ஒற்றைக் கொம்பன் தன் கட்டுரைக்கு இருக்கிறதே. நாற்பதில் ஒன்று.

காட்டோரத்தில் பிறந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. பெங்களூர்க்காரர்களுக்கு யானை ஒன்றுதான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

4

(இடையில் ஒரு உரிமைப் பிரச்சினை.)

பேரம் நாராயணப்பன் காதுக்கு எட்டியது. சாப்பாட்டு மேசையில் விசாரணை.

"அந்த யானை எங்க நின்னுச்சு?"

"நம்ம கேவுருக் காட்டாண்ட, வழியில," என்றாள் சுவாதி.

"பட்டா யார் பேருல?"

"உங்க பேருல."

"மேஞ்சது எங்கேவுரு. நஷ்டம் எனக்கு. அப்பறம் கத மட்டும் எப்பிடி அவுளுதாவும்? அதுக்கு காரு வேற!"

அவர் மனைவி சரோஜம்மாள் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "நஷ்டத்துக்கு ஃபாரஸ்ட்ல வாங்கிட்டீங்க இல்ல? அதோட யானைக்கும் உங்களுக்கும் தீந்துது. வாய மூடிக்கினு சாப்புடுங்க."

நாராயணப்பன் வாயை மூடினார். ஆனால் அன்றிலிருந்து, காரில் யார் முன் சீட்டில் வருகிறார்கள் என்று டிரைவரிடம் கேட்பதை நிறுத்தவில்லை.

5

வாங்கிய சரக்கைத் தட்டிப் பார்க்காமல் எங்கள் வீட்டில் மூட்டை கட்ட மாட்டார்கள். அந்த யானையைச் சரிபார்க்க நான் ராமப்பனைப் போய்ப் பார்த்தேன்.

ஏனென்றால் அதற்குள் அந்த யானை மூன்று ஆகிவிட்டிருந்தது. அனுப்ரியா சுவாதிக்குச் சொன்னதில், அவள் தனியாக நிற்கிறாள், மூடுபனி, எதிரே தாயும் குட்டியும், அவள் அசையாமல் நிற்க, யானை விலகிப் போகிறது. சுவாதி எழுதியதில், யானை அவள் கண்ணை உற்றுப் பார்க்கிறது. கவுன்சிலர் திருத்தியதில், இருவருக்கும் இடையே பெண்மை சார்ந்த ஒரு புரிதல் ஏற்படுகிறது. இன்னும் ஒரு திருத்தம் போயிருந்தால் யானையே அட்மிஷன் வாங்கியிருக்கும்.

ராமப்பன் ஷிஃப்டு முடிந்து வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். கேட்டதுமே சிரித்தார்.

"தனியாவா? யார் சொன்னது? நான்தான் வண்டில கூட்டிக்கினு போனேன். ஃபர்ஸ்ட் ஷிஃப்டுங்க எனக்கு. புள்ளைய பஸ் ஸ்டாப்புல உட்டுட்டு போவலாம்னு. மஞ்சு மூடிக்கினு ஒண்ணும் தெரில. திருப்பத்துல பாத்தா, தோ, அந்தச் செவுரு தூரத்துல நிக்குது. பக்கத்துல குட்டி. குட்டி இருந்தா மோசமுங்க, சும்மா உடாது. வண்டிய ஆஃப் பண்ணிட்டேன்."

"அப்பறம்?"

"அப்பறம் என்னா, தலையில கட்டியிருந்த துண்ட அவுத்து கக்கத்துல வெச்சிக்கினேன். 'மொதலாளி, புள்ளைக்கு பள்ளிக்கூடத்துக்கு நேரமாவுது, வழி உடுங்க மொதலாளி'ன்னேன்."

"யானைகிட்டயா?"

"யானைகிட்டதான். பெரிய உருவத்தப் பாத்தா வாயி தானா அப்பிடித்தான் வருது. பழக்கம் பாருங்க." மறுபடியும் சிரித்தார். "அதுவும் போயிடுச்சே! மொதலாளின்னா யாருக்குத்தான் மனசு எளகாது?"

அவருக்கு அது ஒரு வேடிக்கை. வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அப்படி இல்லை. யானையைப் பார்த்து அவள் பயந்தது கொஞ்ச நேரம்தான். துண்டு தலையிலிருந்து கக்கத்துக்குப் போனதை அவள் முன்பே பார்த்திருக்கிறாள், நாராயணப்பன் களத்தில். அதே முதுகு, அதே குரல். அப்பாவுக்கு நிலக்காரரும் யானையும் ஒன்று என்று அன்று அவளுக்குத் தெரிந்தது. நாவல் எழுதுகிறவர்கள் இதைப் பருவம் எய்துதல் என்பார்கள். அவள் அன்று செய்தது, பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

சுவாதிக்கு விற்றபோது யானையைக் கொடுத்தாள், குட்டியைக் கொடுத்தாள், பனியைக் கூடக் கொடுத்தாள். அப்பாவை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.*

 * இதை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. அப்பாவாகச் சொன்னதால் விடுகிறேன். இரண்டாவது பாராவில் யானை அட்மிஷன் வாங்குகிற நக்கல் நன்றாக இருக்கிறது. — அனுப்ரியா

6

இந்த இடத்தில் எனக்குச் சுவாதியைப் பற்றி ஒரு சந்தேகம்.

அவளைக் கெட்டவளாக்கினால் கதை வேகமாக ஓடும். வாசகர்களுக்கும் வசதி, யாரைத் திட்டுவது என்று தேட வேண்டாம். நேர்முகத் தேர்வு நாளன்று அவள் வேண்டுமென்றே கார் அனுப்பவில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதினேன். அந்த வரி இதோ:

"டிரைவரிடம் அவள் மெல்லச் சொன்னாள், இன்னிக்கி ஊருக்குப் போவ வேணா—"

இதைப் படித்துவிட்டு அனுப்ரியா, "அவ அப்பிடி இல்ல சார்," என்றாள். "அன்னிக்கி சனிக்கெழம. நேரத்துல போவணும்னு அவங்கப்பாதான் கார எடுத்துக்கினாரு. அவ எனக்கு மூணு தடவ ஃபோன் போட்டிருக்கா. எங்க வழியில டவர் கெடையாது."

"நீ எதுக்கு அவளுக்குப் பரிஞ்சு பேசற?"

"பரியல. அவளத் திட்டறதுன்னா நான் திட்டுவேன். நீங்க யாரு?"

ஆகவே வரியை அரைகுறையாக விட்டுவிட்டேன். சுவாதி கெட்டவள் இல்லை. காசு இருக்கிற வீட்டுப் பெண், கேட்டது கிடைத்துப் பழகியவள், கேட்டதற்கு உரிய விலையும் கொடுத்தவள். இப்படி ஒருத்தியை வைத்துக்கொண்டு ஒரு வில்லியும் செய்ய முடியாமல் கதை எழுதுவது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குத் தெரியாது.

7

அந்தச் சனிக்கிழமை.

கார் வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு ராமப்பன் வண்டியை எடுத்தார், அன்றைய ஷிஃப்டை விட்டுவிட்டு. சானமாவுக் காட்டு ரோட்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. காய்கறி ஏற்றிய டெம்போ, கம்பெனி பஸ், ஸ்கூல் வேன், எல்லாம் இன்ஜினை நிறுத்திவிட்டு. வனத்துறைக்காரர் ஒருவர் கையை நீட்டி நின்றார்.

"சார், புள்ளைக்கு இன்டர்வியூ," என்றார் ராமப்பன்.

"அதுங்ககிட்ட சொல்லு," என்று வனத்துறைக்காரர் காட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

யானைகள் ஒன்றன்பின் ஒன்றாக ரோட்டைக் கடந்தன. அவசரமே இல்லை. அனுப்ரியா வண்டியின் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு யானையை, ஒரு கூட்டம் யானையை, கெட்ட வார்த்தையில் திட்டினாள்.*

* உண்மை. கன்னடத்தில் திட்டினேன். — அனுப்ரியா

ஓசூரில் ஒரு பெரிய ஹோட்டலின் மீட்டிங் ஹாலில் நேர்முகம். அவள் பெயர் 'அ'வில் ஆரம்பிப்பதால் முதலில் அவளைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆள் இல்லை. சுவாதி உள்ளே போய், யானையைச் சொல்லி முடித்து, முகம் மலர வெளியே வந்த பிறகுதான் அனுப்ரியா படியேறினாள். ராமப்பன் வண்டியை நிறுத்திவிட்டு வெளியே கேட்டருகிலேயே நின்றுகொண்டார்.

8

உள்ளே இரண்டு பேர். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், தாடி வைத்த ஒரு ஆசாமி. அவர்கள் பேசியது ஆங்கிலம். நான் நம் சௌகரியத்துக்கு மாற்றியிருக்கிறேன்.

"ஏன் இவ்வளவு தாமதம்?" என்றார் அம்மாள்.

"வழியில யானைங்க மேடம். ரோட்ட அடைச்சுட்டாங்க."

தாடிக்காரர் அம்மாளைப் பார்த்தார். அம்மாள் தாடிக்காரரைப் பார்த்தார். இருவர் வாயிலும் ஒரே சிரிப்பு வந்து, நாகரிகம் கருதி நின்றது.

"உங்கள் கட்டுரையிலும் யானை," என்றார் தாடிக்காரர், தாளைப் புரட்டியபடி.

"ஆமாங்க சார்."

"இப்போது போன மாணவியும் உங்கள் பள்ளிதானே? அவரும் யானைதான். மிக நன்றாகச் சொன்னார்."

"அது வேற யானைங்க சார். இது கொம்பன்."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் காதில் விழுகிறது என்று அவளுக்கே தெரிந்தது.

அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். குரலில் கடுமை இல்லை, அதுதான் மோசம். "பாரம்மா, தோழியின் அனுபவத்தைப் பார்த்து எழுதுவது உங்கள் வயதில் நடக்கக்கூடியதுதான். நாங்கள் அதைப் பெரிதாக்கவில்லை. யானையை விட்டுவிடு. உனக்கென்று, உனக்கு மட்டும் என்று ஏதாவது இருக்கிறதா? இருந்தால் சொல். இல்லையென்றால் இத்தோடு முடித்துக்கொள்ளலாம்."

கதவுக்கு வெளியே சுவாதி சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. உள்ளே ஒரு வாக்கியம் போதும், அவள் இடம் போய்விடும். அது அவளுக்கும் தெரியும்.

அனுப்ரியா நாற்காலியில் முன்னால் நகர்ந்து

9

மன்னிக்கவும். வாக்கியம் அங்கேயே நிற்கட்டும். என்னிடம் வந்த சரக்கு அதுவரைக்கும்தான். மேற்கொண்டு நான் தயார் செய்த மூன்று முடிவுகள் இருக்கின்றன.

(அ) விற்ற உண்மையைச் சொல்லிவிடுகிறாள். கண்ணாடி அம்மாளுக்குக் கண் கலங்குகிறது. இலவச இடம். பின்னணியில் வயலின். சுவாதிக்கு இடம் போகிறது. அவள் மனம் திருந்துவதாகக் காட்டி அந்த நஷ்டத்தைச் சரிக்கட்டலாம்.

(ஆ) விற்ற சரக்கைத் திரும்பக் கேட்பது தொழில் இல்லை. "அது அவளோட யானைதான் மேடம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வருகிறாள். எங்கள் புளி மண்டி முழுக்க எழுந்து கை தட்டும். ஆனால் ஜூன் மாதம் செல்போன் கம்பெனி வேனில் மண்டிக்காரர் யாரும் ஏறப் போவதில்லை.

(இ) தன்னிடம் மிச்சமிருக்கிற ஒரே பொருளை எடுத்து மேசைமேல் வைக்கிறாள். துண்டு, கக்கம், மொதலாளி. கட்டுரைக்கு இதைவிடச் சிறந்த கஷ்டம் இந்த மாவட்டத்திலேயே கிடைக்காது. இடம் நிச்சயம். வெளியே கேட்டருகில் நிற்கிற மனிதருக்குத் தெரியாமல் அவரை விற்றாயிற்று.

மூன்றாவதை முழுக்க எழுதினேன். நன்றாக வந்திருந்தது. என் கண்ணிலேயே நீர் வந்தது. அப்போதுதான் சந்தேகம் தட்டியது: எனக்கு அழுகை வந்தால் பொதுவாக எதிராளிக்கு நஷ்டம்.

10

கதவு திறந்த பிறகு நடந்தது எனக்குத் தெரியும். ராமப்பன் சொன்னார், அதை அனுப்ரியாவும் மறுக்கவில்லை.

அவள் கேட்டுக்கு வந்து, "உள்ள வாப்பா, காபி குடிக்கலாம்," என்றாள்.

"இந்த ஓட்டல்லயா? வேணாம்மா. பஸ் ஸ்டாண்டாண்ட குடிச்சுக்கலாம்."

"வா."

கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். மெத்தை போட்ட நாற்காலியில் ராமப்பன் நுனியில் உட்கார்ந்தார். காபி வந்தது. அடுத்த மேசையில், மகள் நன்றாகச் செய்த சந்தோஷத்தில், நாராயணப்பன் குடும்பத்தோடு டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ராமப்பா! நீ எங்கடா இங்க?"

ராமப்பனின் முழங்கால் தானாக நிமிர்ந்தது. பாதி எழுந்துவிட்டார்.

"ஒக்காருப்பா," என்றாள் அனுப்ரியா. "காபி ஆறுது."

சத்தமாகச் சொல்லவில்லை. ராமப்பன் மகளைப் பார்த்தார், நாராயணப்பனைப் பார்த்தார். அந்த நேரத்தில் எழுவதும் உட்காருவதும் இரண்டுமே தப்பாகப் பட்டது என்று என்னிடம் சொன்னார். பிறகு உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே, "வணக்கமுங்க," என்றார். நாராயணப்பன் இட்லியைப் பிட்டுக்கொண்டே இருந்தார். வாயில் போட மறந்துவிட்டார். சரோஜம்மாள் கணவன் தட்டுக்குச் சட்னியைத் தள்ளி, "சாப்புடுங்க," என்றாள்.

சுவாதி எழுந்து வந்து அனுப்ரியா காதருகே குனிந்தாள்.

"சொல்லிட்டியா?"

அனுப்ரியா காபியைக் குடித்தாள்.

"அனு, நெசமா கேக்கறேன். சொல்லிட்டியாடி?"

"திங்கக்கெழம கார் வருமா?"

"வரும்."

"ஏ.சி. போடச் சொல்லு."

கார் இப்போதும் வருகிறது. இவள் முன் சீட்டில், அவள் பின் சீட்டில். ஓசூர் வந்து சுவாதி ஏறியதிலிருந்து பள்ளி கேட் வரை பின் சீட்டிலிருந்து அதே கேள்வி. முன் சீட்டிலிருந்து இயற்பியல் கைடு புரளும் சத்தம். அட்மிஷன் லிஸ்ட் இன்னும் வரவில்லை.

நானும் கேட்டேன். கேட்காமல் இருக்க நான் என்ன துறவியா? அச்சுப்பிரதியோடு நூலக வாசலில் அவளைப் பார்த்தேன்.

"உள்ள என்ன சொன்ன?"

"அது கதையில சேத்தி இல்ல சார்."

"முடிவில்லாம எப்பிடிம்மா கதை? என்ன வேணும் கேளு. பேரு முன்னாடி போடறேன். எம்பேருக்கு மேலயே போடறேன்."

"நல்லா இருக்குது. போட்டுக்கோங்க. ஆனா அது தர மாட்டேன்."

"சுவாதிகிட்டயாவது சொல்லு. பாவம், அவ மொகமே சரியில்லன்னு சொல்றியே."

"அவகிட்ட சொன்னா அவளுதாயிடும். உங்ககிட்ட சொன்னா உங்களுதாயிடும்." தாள்களை மடித்து என் கையில் கொடுத்தாள். "உள்ள இருந்த அந்த ரெண்டு பேருக்கு சொன்னேன். வேற வழி இல்ல. அதோட போதும்."

"லிஸ்ட் வந்தா தெரிஞ்சுடுமே?"

"எடம் கெடச்சுதா இல்லையான்னு தெரியும். என்ன சொன்னேன்னு எப்பிடித் தெரியும்?"

துண்டுக்கு அடியில் இத்தனை வருடம் விரல் பிடித்தவன் நான். பிடிக்க ஒரு விரலும் கிடைக்கவில்லை.

11

ஆகவே கணக்கை அப்படியே வைக்கிறேன், நேர்செய்யாமல்.

ராமப்பன்: ஒரு ஷிஃப்டு போனது, ஒரு காபி வந்தது, உட்கார்ந்து குடித்தது.

நாராயணப்பன்: எழுந்திருக்காத ஒரு ஆளைப் பார்த்தார். வரவில் எழுதுவதா செலவில் எழுதுவதா என்று இன்னும் யோசனையில் இருக்கிறார்.

சுவாதி: ஒரு யானை வரவு, விலை கொடுத்தாயிற்று, பாக்கி இல்லை. தூக்கம் மட்டும் வரவில்லை. அது யாருடைய பெயரில் பற்று என்று தெரியவில்லை.

யானைகள்: நாற்பதும் அப்படியே.

நான்: கதை வரவு. முடிவு நிலுவை. வசூலாகும் என்ற நம்பிக்கை இல்லாத கடனாகத் தள்ளி எழுதியிருக்கிறேன்.

நீங்கள்: ஒன்பதாம் பகுதியில் மூன்று சரக்கு கிடக்கிறது. எடுத்துக்கொள்ளலாம், விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.

அனுப்ரியா: விற்பனை இரண்டு. கையிருப்பு ஒன்று. அளவு, எடை, தரம் எதுவும் குறிக்கப்படவில்லை.*

 * சரி. — அனுப்ரியா